கடற்காற்றும் அந்தலூசிய முற்றமும்: தீம் பார்க் நீரூற்று பற்றி ஆலோசனை தேவை

வரைபலகை (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். நிலத்தோற்ற வடிவமைப்பில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். வீட்டுத் தோட்டங்கள், இரண்டு பள்ளி வளாகங்கள், ஒரு திருமண மண்டபத்தின் முன்வெளி, இதுவரை செய்தது இவ்வளவுதான். இப்போது முதல்முறையாக ஒரு தீம் பார்க் வேலை கைக்கு வந்திருக்கிறது. பூங்காவின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலிலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்ய வேண்டியது 22 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தோட்ட முற்றம். மூன்று பக்கம் ஒற்றைத்தள வளைவுத் தாழ்வாரம், நான்காவது பக்கம் (கிழக்கு) திறந்த வெளி. ஒரு பக்கம் ராட்டினங்கள், மறுபக்கம் உணவுக்கூடம். இரண்டுக்கும் நடுவே மக்கள் மூச்சுவாங்கும் இடமாக இது இருக்க வேண்டும் என்பது திட்டக் குறிப்பு. உரிமையாளர் சென்ற ஆண்டு ஸ்பெயின் போய் கிரனாடாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதனால் முற்றத்தின் கரு அந்த ஊர் இருக்கும் தென் ஸ்பெயின் பகுதியான அந்தலூசியா என்று முடிவாகிவிட்டது. அதை மாற்ற முடியாது.

நடுவில் 5 மீட்டர் விட்டத்தில் வட்டத் தொட்டி, அதில் 6 மீட்டர் உயரம் எழும் நீரூற்று, இசைக்கு ஏற்ப ஆடும் வண்ண விளக்குகள். இது அவர் கேட்டது. சைப்ரஸ் மரங்கள், ஆரஞ்சு மரங்கள், கறுப்புக் கல் தரை. இதுவும் அவர் கேட்டதுதான். பத்து நாளில் முதல் வரைபடம் கொடுக்க வேண்டும். இதுவரை வரைந்த மாதிரிப் படத்தை இங்கே இணைத்திருக்கிறேன். எங்கே இடறுவேன் என்று அனுபவம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் நன்றாக இருக்கும்.

அதிகாலைக் குழாய்

தம்பி, தலைப்பைப் பார்த்ததும் வந்துவிட்டேன். பதினோரு ஆண்டுகளாகப் பூங்கா ஒன்றில் நீரூற்றுப் பராமரிப்புதான் என் வேலை. வடிவமைப்பவர்கள் திறப்பு விழாவில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் காலை ஐந்தரைக்கு வாளியோடு நிற்பவன் நான். அதனால் கொஞ்சம் கறாராக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 6 மீட்டர். எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. நீர் எழும் இடத்திலிருந்து தொட்டி விளிம்புவரை எவ்வளவு தூரமோ, நீர் அதற்கு மேல் உயரக் கூடாது. காற்றடிக்கும் இடம் என்றால் அதிலும் பாதி. உங்கள் தொட்டியின் ஆரம் இரண்டரை மீட்டர். அங்கே அடிப்பது கடற்காற்று. பாதி என்றால் ஒன்றேகால் மீட்டர். நீங்கள் கேட்பது 6. மீதி நீரெல்லாம் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் பிரியாணி மேல்.

காற்றுமானி வைத்துக்கொள்ளலாம், காற்று கூடினால் அது பம்பின் வேகத்தைத் தானாகக் குறைத்துவிடும் என்று விற்பவர் சொல்வார். உண்மைதான், நல்ல கருவிதான். ஆனால் கோடையில் உங்கள் இடத்தில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று ஏறிவிடும். கூட்டம் இருக்கும் நேரமும் அதுதான். கூட்டம் இருக்கும்போதெல்லாம் முழங்கால் உயரத்தில் கிடக்கும் நீரூற்றுக்காக 6 மீட்டருக்கான பம்ப் வாங்குவானேன்?

இரண்டாவது, தண்ணீர். அந்தச் சாலையோரக் கிணற்று நீரை முதலில் சோதனைக்குக் கொடுங்கள். உப்பும் கடினத்தன்மையும் கூடிய நீர் கறுப்புக் கல்லில் பட்டுக் காய்ந்தால் மூன்றே வாரத்தில் வெள்ளைப் படலம் பிடிக்கும். அமிலம் போட்டுத் துடைத்தால் படலம் போகும், கல்லின் பளபளப்பும் கூடவே போகும். கறுப்புக் கல் வேண்டாம் என்று சொல்லவில்லை. கறுப்புக் கல் வேண்டும் என்றால் நீரை மென்மையாக்கும் சாதனத்துக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

டிக்கெட் கவுண்டர்

நானும் பூங்காத் தொழிலில் இருப்பவன்தான், ஆனால் வரவு செலவு பக்கம். குழாய் ஐயா சொல்வது தொழில்நுட்பப்படி சரியாக இருக்கலாம். மக்கள் ஏன் வருகிறார்கள் என்பதையும் ஒருவர் சொல்ல வேண்டாமா?

படம் எடுக்க வருகிறார்கள். தூரத்திலிருந்தே கண்ணில் படும் ஒன்று அவர்களை இழுக்க வேண்டும். வால்ட் டிஸ்னி இதற்கு 'வீனி' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். நடைபாதை முடியும் இடத்தில் ஒரு கோட்டையோ மலையோ நிற்கும், கூட்டம் தானாக அங்கே போகும். முழங்கால் உயர நீரூற்றை எந்தக் குடும்பம் தேடிக்கொண்டு வரும்? உரிமையாளர் 6 மீட்டர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. காற்றுப் பிரச்சினை என்றால் கிழக்குப் பக்கத்தையும் சுவர் எழுப்பி அடைத்துவிட வேண்டியதுதானே?

கிரனாடா போனவன்

அடைத்துவிட்டால் அது முற்றமாக இருக்காது, வேகவைக்கும் பாத்திரமாகிவிடும். கட்டடக்கலை சொல்லித்தருபவன் நான். நீளமாக எழுதப் போகிறேன், மன்னிக்கவும்.

உரிமையாளர் கிரனாடாவில் எதைப் பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். அங்குள்ள கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவின் சிங்க முற்றம் என்றால், அங்கே உயர எழும் நீரே கிடையாது. 124 மெலிந்த தூண்கள் சூழ, நடுவே பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் ஒரு கிண்ணத்தைச் சுமந்து நிற்கின்றன. ஒவ்வொரு சிங்கத்தின் வாயிலிருந்தும் விரல் கனத்தில் ஒரு நீர்க்கோடு விழுகிறது, அவ்வளவுதான். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிலும் அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ரக் எழுதிய கவிதை பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓடுவது நீரா பளிங்கா என்று கண் மயங்கும் என்ற பொருளில் அதில் ஒரு வரி வருகிறது. அந்த மயக்கம் வர வேண்டுமென்றால் நீர் கண்ணாடிப் படலம்போல் வழிய வேண்டும். பீச்சியடித்தால் அது வராது.

பக்கத்திலேயே மிர்ட்டில் செடிவேலி முற்றம். அங்கே ஏறக்குறைய 34 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட குளம். இரு முனைகளிலும் தரையோடு தரையாகப் பளிங்குத் தட்டுகள். அவற்றில் ஊறும் நீர் ஒரு சிறு கால்வாய் வழியே தயங்கித் தயங்கிக் குளத்தில் சேர்கிறது. முற்றத்தின் முனையில் நிற்கும் கோபுரத்தின் பிம்பம் குளத்தில் கலையாமல் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த வேகத்தை அப்படிக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். நான் அங்கே அரைமணி நேரம் குந்தி உட்கார்ந்து அந்தத் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இருபுறமிருந்தும் வில்லாக வளைந்து விழும் நீர்க்கோடுகளின் படத்தை உரிமையாளர் காட்டினார் என்றால், அது அல்ஹம்ப்ராவை அடுத்துள்ள கோடை மாளிகையான ஜெனரலிஃபேயின் தோட்டம். அந்த வளைவுகள் 19ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை. மூலத் தோட்டத்தைக் கட்டியவர்கள் அப்படி எதையும் செய்யவில்லை.

இப்போது முக்கியமான செய்தி. கிரனாடாவின் கோடை வறண்டது. வறண்ட காற்றில் நீர் ஆவியானால் சட்டென்று குளிரும். அதனால்தான் அங்கே உயர்ந்த சுவரால் காற்றைச் சிறைப்பிடித்து, நடுவில் நீரை வைத்து, முற்றத்தையே குளிரூட்டும் பெட்டியாக்கினார்கள். சென்னைக் கரையோரத்தில் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்து நிற்கிறது. நீர் ஆவியாகிக் குளிரவைக்கும் வேலை பெரிதாக நடக்காது. அங்கே மனிதனைக் காப்பாற்றுபவை நிழலும் வீசும் காற்றும் மட்டும்தான். ஆகவே டிக்கெட் கவுண்டர் நண்பரே, நீரூற்றைக் காப்பாற்றச் சுவர் எழுப்பினால் நீர் நேராக நிற்கும், மக்கள் வியர்த்து வெளியேறுவார்கள்.

கடற்காற்று நீரூற்றுக்குப் பகை, உட்கார வருகிறவருக்கு நட்பு. இரண்டில் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பதுதான் இந்த வடிவமைப்பின் கேள்வியே. நான் நீரைத்தான் பணியவைப்பேன்.

வரைபலகை

ஐயா, இந்த இரண்டையும் நான் சேர்த்தே யோசிக்கவில்லை. காற்றுத் தடுப்பாகக் கிழக்கில் துளையிட்ட ஜாலிச் சுவர் வரைந்து வைத்திருந்தேன். அதை இப்போது அழிக்கிறேன்.

ஆனால் தூரத்திலிருந்து இழுக்கும் ஒன்று வேண்டும் என்ற வாதத்தை உரிமையாளரிடம் என்னால் எளிதில் மறுக்க முடியாது. அவரும் அதே சொற்களைத்தான் சொல்கிறார்.

கிரனாடா போனவன்

மறுக்கவே வேண்டாம். இழுக்கும் வேலையைக் கட்டடத்துக்குக் கொடுங்கள். தாழ்வாரத்தின் ஒரு மூலையில் ஒல்லியான காவல் கோபுரம் ஒன்று போதும். ஃபுளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவின் மொராக்கோ பகுதி 1984இல் திறக்கப்பட்டது. மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் தம் நாட்டுக் கைவினைஞர்களையே அனுப்பி ஓடு பதிக்க வைத்தார். அங்கேயும் தூரத்திலிருந்து கண்ணில் படுவது கோபுரம்தான். ஃபெஸ் வீடு என்ற உட்புற முற்றத்தில் இருக்கும் நீரூற்று அருகில் போனால்தான் தெரியும். நுழைந்தவருக்குக் கிடைக்கும் பரிசு அது. ஃபுளோரிடாவும் ஈரக்காற்று ஊர் என்பதையும் கவனியுங்கள்.

இடம் சிறியது என்று பயப்பட வேண்டாம். கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தில் ஸ்னோ ஒயிட் குகைத்தோட்டம் ஒன்று உண்டு, 1961இல் வந்தது. அதற்கு வந்துசேர்ந்த பளிங்குச் சிலைகளில் ஸ்னோ ஒயிட்டும் குள்ளர்களும் ஒரே உயரத்தில் இருந்தார்கள். வடிவமைப்பாளர் ஜான் ஹென்ச் சிலையைத் திருப்பி அனுப்பவில்லை. அவளை அருவியின் உச்சியில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு குட்டி மானை வைத்தார். கீழிருந்து பார்ப்பவருக்கு அவள் தொலைவில் நிற்பதாகத் தோன்றுகிறது, உயரப் பிழை மறைந்துவிட்டது. கண்ணை ஏமாற்ற 6 மீட்டர் தேவையில்லை.

நிழல்தேடி

நான் வடிவமைப்பாளர் அல்ல. இரண்டு பிள்ளைகளின் அம்மா, சென்ற மே மாதம் ஒரு பூங்காவுக்குப் போய் நொந்து திரும்பியவள். படிக்க வந்த இடத்தில் கை சும்மா இருக்கவில்லை.

நீங்கள் எல்லோரும் நீரைப் பற்றியே பேசுகிறீர்கள். உட்கார இடம் எங்கே? அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு என் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மூலை கிடைக்கவில்லை. பெரிய நீரூற்று இருந்தது, சுற்றிலும் ஒரு நிழலும் இல்லை. மூத்தவன் நீரில் விளையாடச் செருப்பைக் கழற்றினான். தரை பளபளப்பான கறுப்புக் கல். இரண்டு அடி வைத்தான், வீல் என்று கத்தினான். உள்ளங்கால் சிவந்துவிட்டது. ஈரமான இடத்துக்கு ஓடினான், அங்கே வழுக்கி விழுந்தான். ஒரே கல்லில் சுடவும் வழுக்கவும் முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்று. தொட்டி விளிம்பு உட்காரும் உயரத்தில் இருந்தால் பிள்ளைகள் ஏறி நிற்பார்கள். இதைத் தடுக்க முடியாது, அறிவிப்புப் பலகை வைத்துப் பயனில்லை. ஏறி, உள்ளே விழுந்தால் எவ்வளவு ஆழம்? இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு சாண் நீரே போதும். அந்தக் கணக்கை வரைபடத்தில் முதலில் எழுதுங்கள், பிறகு பளிங்கைப் பற்றிப் பேசலாம்.

பாட்டிமார்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கைப்பிடி வேண்டும். சாய முதுகு வேண்டும். படத்தில் எல்லா இருக்கையும் மொட்டைக் கல்லாக இருக்கிறது.

வரைபலகை

அக்கா, படத்தில் மொத்தம் பன்னிரண்டு பேர் உட்காரும் இடம்தான் வரைந்திருக்கிறேன். இப்போது எண்ணிப் பார்த்தேன். கூச்சமாக இருக்கிறது.

வேர்க்கால்

நர்சரி வைத்திருப்பவன் பேசுகிறேன். செடிப் பட்டியலைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சைப்ரஸ் சென்னையில் உயிரோடு இருக்கும், வாழாது. இரண்டாவது கோடையில் உள்ளே பழுப்பேறி, துடைப்பத்தைத் தலைகீழாக நட்டதுபோல் நிற்கும். ஆரஞ்சுக்குப் பதிலாக நாரத்தை அல்லது எலுமிச்சை வைத்தால் அதே கரும்பச்சை, அதே பூவாசம், கூடவே காயும் கிடைக்கும். முள் உண்டு, அதனால் நடைபாதை ஓரம் வேண்டாம். மாதுளை அந்தலூசியாவுக்கும் சொந்தம் நமக்கும் சொந்தம். கிரனாடா என்ற சொல்லுக்கே ஸ்பானிய மொழியில் மாதுளை என்றுதான் பொருள். நகரத்தின் சின்னத்திலும் அந்தப் பழம் இருக்கிறது. உரிமையாளருக்கு இதைச் சொல்லுங்கள், மகிழ்ந்துவிடுவார். மிர்ட்டில் வேலிக்கு மாற்று மருதோன்றி. நம் ஊரில் காலங்காலமாக வேலிக்கு வைத்த செடி, கத்தரித்தால் அடர்ந்து வரும், கடற்கரை வெயிலைத் தாங்கும், பூத்தால் தெருவே மணக்கும்.

வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் பவழமல்லி வை, இருவாட்சி வை என்பார்கள். பவழமல்லி விடியலில் உதிர்ந்துவிடும். உங்கள் பூங்கா திறப்பது பத்து மணிக்கு. துப்புரவுப் பணியாளருக்கு மட்டும் மணக்கும் பூவை எதற்கு நட வேண்டும்? செண்பகம் பகலிலும் மணம் நிற்கும். மகிழம்பூ உதிர்ந்து காய்ந்த பிறகும் மணக்கும். மகிழம் எப்போதும் பச்சை, நிழலும் அடர்த்தி. ஆனால் மெதுவாக வளரும், அதனால் 12 அடிக்குக் குறைந்த கன்று வாங்காதீர்கள். அது நிழல் தரும்வரை முதல் மூன்று கோடைக்குப் பந்தல் போடுங்கள். அதில் மனோரஞ்சிதத்தையும் ரங்கூன் மல்லியையும் ஏற்றலாம். வெற்றுக் கம்பி மேல் கீற்று வேய்ந்தாலும் குறை ஒன்றும் இல்லை.

புங்கம் நல்ல மரம்தான், ஆனால் நீர்த் தொட்டிப் பக்கம் வைக்காதீர்கள். மாசி பங்குனியில் இலை கொட்டும்போது குழாய் ஐயா என்னைத் தேடி வந்து உதைப்பார். ஆல், அரசு, அத்தி வகையைத் தொட்டிக்கு இருபது அடிக்குள் கொண்டுவராதீர்கள், வேர் சுவரைப் பிளக்கும். அரளியும் மஞ்சள் அரளியும் பிள்ளைகள் வரும் இடத்தில் கண்டிப்பாகக் கூடாது. இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. அழகாகப் பூக்கிறது, தண்ணீர் கேட்பதில்லை என்று எத்தனையோ பொது இடங்களில் வைத்திருக்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

அல்லி, தாமரை ஆசை இருந்தால் தனித் தொட்டி. அவற்றுக்கு நீர் அசையக் கூடாது, தலையில் தூறல் விழக் கூடாது. குளோரின் போடும் நீரில் அவை வராது, மீனும் வாழாது. அந்த அசையாத தொட்டியில் கப்பி மீன் விட மறந்தால் ஒரு வாரம் பத்து நாளில் கொசுப் பண்ணை தயார்.

கல்லும் உளியும்

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்வேலை. மாமல்லபுரத்துப் பக்கம் பட்டறை. கிரனாடா போன ஐயா சொன்ன கிண்ணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கிண்ணத்தின் விளிம்பு முழுவதும் ஒரே சீராக நீர் வழிய வேண்டும் என்று கேட்பார்கள். படத்தில் அழகாக இருக்கும். வழியும் நீரின் கனம் ஐந்து மில்லிமீட்டர் அளவுதான். விளிம்பு ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்தால் பாதி நீர் அந்தப் பக்கமே ஓடும், எதிர்ப்பக்கம் வறண்டு பாசி பிடிக்கும். கிண்ணத்தைப் பட்டறையில் சரியாகச் செதுக்கினால் மட்டும் போதாது. இடத்தில் உட்காரவைத்த பிறகு நீர் நிரப்பிப் பார்த்து, தாழ்ந்த இடத்தைக் குறித்து, உயர்ந்த இடத்தைக் கையால் தேய்த்து இறக்க வேண்டும். ரசமட்டம் அந்த அளவு நுணுக்கம் காட்டாது. நீரே மட்டம் சொல்லும். சென்ற ஆண்டு ஒரு கிண்ணத்துக்கு என் அப்பா நான்கு நாள் தேய்த்தார். ஒவ்வொரு முறையும் நீரை நிறுத்துவார், துணியால் ஒற்றுவார், விரலை விளிம்பில் ஓட்டுவார், இரண்டு இழுப்பு இழுப்பார், மறுபடி நீரைத் திறப்பார். ஐந்தாம் நாள் காலை சுற்றிலும் திரை இறங்கியதுபோல் நீர் விழுந்தது. அந்த நான்கு நாள் கூலியை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் யாரும் தேய்க்க மாட்டார்கள்.

விளிம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு பள்ளக் கோடு வெட்டச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் நீர் கீழே விழாமல் கல்லின் வயிற்றை ஒட்டியே இறங்கித் தண்டில் ஓடும். தேநீர்க் குவளையைச் சாய்த்தால் அடியில் வழியுமே, அதே கதைதான்.

தரைக்கு: வெளிறிய நிறக் கருங்கல், தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கியது. சூடு குறைவு, வழுக்காது. தாழ்வாரத்துக்குள் ஆத்தங்குடி ஓடு பதிக்கலாம், ஓடு பதிக்கும் மரபு இரண்டு ஊருக்கும் உண்டு. வெயிலும் நீரும் படும் வெளித்தரையில் அதைப் போட்டால் நிறம் போகும், ஈரத்தில் வழுக்கும்.

நிழல்தேடி அக்கா கேட்ட ஆழத்துக்கு ஒரு வழி இருக்கிறது. தொட்டி ஆழம் எவ்வளவாகவும் இருக்கட்டும், நீர்மட்டத்துக்கு மூன்று விரல் கீழே கல் பலகைகளைத் தாங்கிகள் மேல் பரப்பிவிடலாம். இடுக்கு எட்டு மில்லிமீட்டருக்குள். பார்க்க ஆழமாகத் தெரியும், காலை வைத்தால் கணுக்காலுக்குக் கீழேதான் நீர்.

அதிகாலைக் குழாய்

கல்தம்பி, அந்தப் பலகைகளை ஒருவனே தூக்க முடிகிற எடையில் வெட்டுங்கள். ஒரு முறை 90 கிலோ பலகை போட்டார்கள். அதை நகர்த்த நான்கு பேர் வேண்டும், அதனால் ஒரு வருடம் யாரும் நகர்த்தவே இல்லை. திறந்தபோது வந்த நாற்றத்தை எழுத முடியாது.

வரைபலகைத் தம்பி, இன்னும் மூன்று விஷயம்.

உங்கள் படத்தின் ஓரத்தில் 'கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய நீர்' என்று நீரூற்றுக்கு அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். தோட்டத்துக்கு ஊற்றுங்கள், தாராளமாக. நீரூற்றுக்கு வேண்டாம். நீரூற்றின் நுண்ணிய திவலைகளை மக்கள் மூச்சில் இழுக்கிறார்கள். லெஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வெப்பமுள்ள நீரில் பெருகும். நம் ஊர்த் தொட்டி நீர் ஆண்டு முழுவதும் அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. அது திவலையோடு நுரையீரலுக்குள் போனால் கடும் நிமோனியா வரும். பிள்ளைகள் கை வைத்து, வாயில் வைக்கும் நீர் என்றால் அதை நீச்சல்குளத்து நீர்போல் நடத்த வேண்டும்: வடிகட்டி, குளோரின், தினமும் அளந்து பதிவேட்டில் எழுதுதல்.

மின்சாரம். நீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட் மட்டும். டிரான்ஸ்ஃபார்மர் வெளியே, உலர்ந்த இடத்தில். பம்ப் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டாம், தனி அறையில் வையுங்கள். எல்லா இணைப்புக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவில் அறுந்துகொள்ளும் பிரேக்கர். இதில் யாராவது பணம் மிச்சம் பிடிக்கச் சொன்னால் அந்த வேலையையே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது என் சொந்த அசட்டுத்தனம். தொடக்க காலத்தில் ஓர் இடத்தில் 40 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், ஐந்து செ.மீ. ஆழத்தில் நீர் ஓடும் கால்வாய் செய்தோம். கடைசியில் ஆறு சதுர மீட்டர் தொட்டி. நீர்மட்டத்துக்கு மேல் 10 செ.மீ. இடைவெளி விட்டிருந்தேன். பகலெல்லாம் அருமையாக ஓடியது. இரவு ஒன்பதுக்குப் பம்பை நிறுத்தினோம். கால்வாயில் நடந்துகொண்டிருந்த ஆயிரம் லிட்டரும் தொட்டிக்கு வந்துசேர்ந்தது. ஏறக்குறைய 17 செ.மீ. ஏற வேண்டும், இடமோ 10. பக்கத்து நினைவுப்பொருள் கடைக்குள் நீர் புகுந்தது. மறுநாள் காலை நீர்மட்டம் குறைந்துவிட்டதே என்று தானியங்கி வால்வு புதுநீர் நிரப்பியது, இரவு மறுபடி வழிந்தது. காரணம் தெரிய ஐந்து நாள் ஆயிற்று. பொம்மைகள் எல்லாம் வீங்கிப்போயின. ஓடும்போது காற்றிலும் கிண்ணத்திலும் குழாயிலும் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கு மேலும் இடம் விடுங்கள்.

டிக்கெட் கவுண்டர்

ஒத்துக்கொள்கிறேன், சுவர் யோசனை தவறு. ஆனால் நாள் முழுக்க ஓட வேண்டுமா என்றும் யோசியுங்கள். மின்கட்டணம் என் மேசைக்குத்தான் வருகிறது.

கிரனாடா போனவன்

பிரான்சின் வெர்சாய் அரண்மனையிலேயே நாள் முழுக்க ஓடவில்லை. எல்லா ஊற்றுக்கும் போதுமான நீர் பதினான்காம் லூயிக்கே கிடைக்கவில்லை. மன்னர் நடந்து வரும்போது பணியாட்கள் சீழ்க்கையடித்து முன்னால் இருப்பவருக்குச் சொல்வார்கள், அந்த ஊற்று திறக்கும். அவர் கடந்துபோனதும் மூடிவிடுவார்கள். இரவில் நிறுத்துங்கள், கூட்டமில்லாத காலை வேளையில் வேகத்தைக் குறையுங்கள். ஆனால் பிற்பகலில் நிறுத்தாதீர்கள். ராட்டினத்தின் இரைச்சலை மூடுவது நீர் விழும் ஓசைதான். நியூயார்க்கில் 1967இல் திறந்த பேலி பூங்கா ஒரு கட்டடத்துக்குரிய மனை அளவுதான் இருக்கும். பின்சுவரில் 20 அடி உயரத்தில் விழும் நீர் தெருவின் போக்குவரத்துச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. அங்கே நாற்காலிகளை வேண்டிய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். நிழல்தேடி அம்மாவுக்கு அது பிடிக்கும்.

நிழல்தேடி

முதுகு சாயும் நாற்காலி என்றால் பிடிக்கும்.

வரைபலகை

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

வாதம் செய்து பயனில்லை என்று தோன்றியதால் இடத்திலேயே சோதனை வைத்தேன். ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், வாடகை பம்ப், ஒரு நாசில். நீர் அங்கிருக்கும் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து. பம்ப் 6 மீட்டருக்கு எழுப்பவில்லை, மூன்று மீட்டர்தான் வந்தது. நாசிலிலிருந்து மேற்கே ஒவ்வொரு மீட்டருக்கும் பழைய செய்தித்தாள் விரித்து மேலே கல் வைத்தோம். பிற்பகல் மூன்று மணி. பத்து நிமிடத்தில் நான்காம் மீட்டர்த் தாள் முழுக்க நனைந்து, தலைப்பு எழுத்து மறுபக்கம் தெரிந்தது. ஏழாம் மீட்டரில்கூடப் புள்ளி புள்ளியாக ஈரம். தாழ்வாரம் தொடங்குவது எட்டாம் மீட்டரில். பிறகு உயரத்தை முக்கால் மீட்டராக இறக்கினோம். இரண்டாம் தாள் உலர்ந்தே இருந்தது.

உரிமையாளர் நான்கு மணிக்கு வந்தார். மறுபடி மூன்று மீட்டருக்கு ஏற்றச் சொன்னார், எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளிகள். வேட்டி நுனியால் துடைத்தார், தேய்ந்ததே தவிரப் போகவில்லை. "இது எல்லார் கண்ணாடியிலும் படியுமா?" என்று கேட்டார். படியும் என்றேன். "செல்போனிலும்?" அதிலும்தான் என்றேன். எழுந்து, கடல் பக்கம் திரும்பி நின்று, சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டார். "காற்று நன்றாகத்தான் வருகிறது" என்றார்.

இப்போது வரைந்திருப்பது (புதிய படம் இணைப்பில்): கிழக்குப் பக்கம் முழுவதும் திறந்தே இருக்கும். நடுவில் 1.8 மீட்டர் விட்டக் கல் கிண்ணம், விளிம்பு முழுக்க வழியும். கீழே எண்கோணத் தொட்டி, மேலே மூன்று விரல் நீர், அடியில் ஒருவர் தூக்கும் எடையில் கல் பலகைகள். அங்கிருந்து நான்கு திசைக்கும் சிறு கால்வாய்கள். மூலையில் கோபுரம். மகிழம் ஆறு, மருதோன்றி வேலி, தெற்கே மாதுளை. முதுகு சாயும் இருக்கைகளும் நகர்த்தும் நாற்காலிகளுமாக 64 பேர் உட்காரலாம். கைக்குழந்தை அம்மாக்களுக்குத் தாழ்வாரத்தின் வடமேற்கில் திரையிட்ட மூலை. தொட்டியில் இடைவெளி 20 செ.மீ., தேவை 7 என்று கணக்கு வந்தது. வண்ண விளக்கு மட்டும் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். மஞ்சள் நிறம் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறேன். திறப்பு விழா வரைக்கும் அது தாங்குமா என்று தெரியவில்லை.

கல்லும் உளியும்

நான்கு நாள் தேய்ப்புக் கூலி எழுதியாயிற்றா?

வரைபலகை

ஐந்து நாள் எழுதியிருக்கிறேன்.

அதிகாலைக் குழாய்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, பம்புக்கு முன்னால் வரும் வடிகூடை எங்கே? தினமும் காலையில் நான் கையை விட்டு அள்ளும் கூடை அதுதான். நேற்று எங்கள் கூடையில் கிடைத்தவை: கொண்டை ஊசி பதினொன்று, சிப்ஸ் உறை மூன்று, குழந்தையின் ஒற்றைக் காலுறை, ஐந்து ரூபாய் நாணயங்கள், பாதி மசால் வடை.

வரைபலகை

பம்ப் அறைக்குள் இருக்கிறது ஐயா, தெற்குத் தாழ்வாரத்தின் கீழே. 45 செ.மீ. தரைமூடி வழியாக இறங்கலாம்.

அதிகாலைக் குழாய்

60 ஆக்குங்கள். வாளியோடு இறங்க வேண்டும்.